ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா

இந்த பஸ் மாட்டுத்தாவணிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் தம்பி? கண்டக்டர் நாலரைங்கிறார். முன்னாடி உக்காந்திருக்கிறவரு அஞ்சாயிரும்ங்கிறார். சாத்தூர்ல பத்து நிமிஷம் நிறுத்திட்டாங்க பாத்தீங்களா, டீ குடிக்கவாம். நான் இறங்கவே இல்ல. நான் இறங்காம உக்காந்திருந்தா சீக்கிரம் எடுத்துருவாங்கன்னு ஒரு நினைப்பு.

நீங்க எங்க இறங்கணும்? திருமங்கலமா. சரி, சரி. அதுவரைக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கு.

காலையில ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். கே.புதூர்ல வீடு. என் வீட்டம்மாவ வலது பக்கமாப் படுக்க வச்சு, முதுகுக்கு ஒரு தலகாணி அண்டக் குடுத்துட்டு வந்தேன். பக்கத்து வீட்டு ரஹமத்தம்மா கூட இருக்காங்க. நல்ல மனுஷி. ஆனா தொட மாட்டாங்க. முதுகுப் பக்கம் படுக்கைப் புண்ணு, அதைப் பாத்து பயம். கஞ்சி ஊத்துறேன் அண்ணே, டியூப்ல தண்ணி விடுறேன், பக்கத்துலயே இருக்கேன், திருப்ப மட்டும் சொல்லாதீங்கன்னுட்டாங்க. ஆறு மணிக்கு வலது பக்கம். இப்ப மணி என்ன, மூணா? பாருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பணும் தம்பி. ஒன்பது மணி நேரமாச்சு.

தெரிஞ்சேதான் போனேன். வேற வழி இல்ல.

என் பேரு தெய்வநாயகம். எடையளவு இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். கடைக்குக் கடை போய் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கிற உத்தியோகம். தட்டுக்கு அடியில புளி ஒட்டி வச்சிருப்பான், கண்ணால பாத்தே சொல்லிருவேன். முப்பத்திநாலு வருஷ சர்வீஸ். அதுக்காக குறை சொல்றதே தொழிலா வச்சிருக்கிறவன்னு நினைச்சிராதீங்க. நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். இருக்கிறதை இருக்கிறபடி எழுதுவேன். அவ்வளவுதான்.

போன ஐப்பசியில பகவதிக்கு, அதான் என் வீட்டம்மாவுக்கு, ஸ்ட்ரோக் வந்துச்சு. தையல் டீச்சரா இருந்தவ. ரிட்டயர்டு ஆன பிறகும் அக்கம்பக்கத்துக்குத் தச்சுக் குடுப்பா. அன்னைக்கு ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருந்தா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். நூல் ஊசிக் காதுக்குள்ள போகாம பக்கத்துல பக்கத்துலயே போகுது. கண்ணாடியைத் தொடச்சுப் போடுன்னேன். அவ திரும்பிப் பாத்தா, வாய் ஒரு பக்கமா இறங்கியிருக்கு. வலது கை, வலது கால், பேச்சு, மூணும் அன்னைக்கே போச்சு.

ஆஸ்பத்திரியில ஒரு மாசம். அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க. ஒரே பையன், கதிரேசன், தோஹாவுல இருக்கான். அவன்தான் நெட்ல பாத்து இந்த ஏஜென்சியப் பிடிச்சான். வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பாத்துக்கிறவங்க. பயிற்சி பெற்ற நர்ஸ், இருபத்திநாலு மணி நேரமும். வாரம் ஒரு நாள் பிசியோ. மாசம் ஒரு தடவை டாக்டர். நோட்டீசுல ஒரு வயசான அம்மா சிரிச்சுக்கிட்டு இருக்கும், பக்கத்துல ஒரு பொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். நானும் நம்பிட்டேன். இத்தனை மாசத்துல வந்த டாக்டர் ஒரே ஒருத்தர். அவரும் எதிர்வீட்டு பெல்லை அடிச்சு, அங்க இருந்த பெரியவருக்கு பிரஷர் பாத்துட்டு, அப்புறந்தான் இங்க வந்தாரு.

முதல்ல வந்தது ஒரு சின்னப் பொண்ணு. வெள்ளை கோட்டு. கோட்டுல வேற யாரோ பேரு தச்சிருக்கு. அம்மாவுக்கு பிரஷர் பாரும்மான்னேன். பட்டையை சேலை முந்தானைக்கு மேலயே சுத்தி, புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சு, "நார்மல் சார்" னுச்சு. நம்பரைச் சொல்லுன்னேன். அழுதுருச்சு. போன மாசம் வரைக்கும் ஜவுளிக்கடையில புடவை மடிச்சுக்கிட்டு இருந்ததாம். மூணு நாள் வகுப்பு, ஒரு பொம்மையை வச்சு. "பொம்மைக்கு எங்க சார் பிரஷர் இருக்கும்?" னு என்னையே கேக்குது. அன்னைக்கே எழுதி அனுப்பிட்டேன். மாத்திட்டாங்க.

ரெண்டாவது ஆளு காலை மாத்திரையை சாயங்காலமும் குடுத்தா. எழுதினேன். மாத்தினாங்க. மூணாவது ஆளு நாலாம் நாளு கடைக்குப் போறேன்னு போனவதான். இதுக்குள்ள பகவதிக்கு இடுப்புக்குக் கீழ, எலும்பு மேடா இருக்கிற இடத்துல, செவப்பா ஒரு தடிப்பு. ஏஜென்சிக்குப் போன் போட்டா கோஆர்டினேட்டர்னு ஒரு பொண்ணு பேசும். "உங்க கவலை எங்களுக்குப் புரியுது சார்" னு சொல்லும். எதைச் சொன்னாலும் அதையேதான் சொல்லும். ஒருநாள் வேணும்னே, எங்க வீட்டுல தென்னை மரம் சாஞ்சிருச்சும்மான்னேன். உங்க கவலை எங்களுக்குப் புரியுது சார்ன்னுச்சு.

தை மாசம் ஜெபக்கனி வந்தா.

நாப்பது வயசு இருக்கும். கோட்டு கீட்டு ஒண்ணும் இல்ல. நூல் சேலை, கையில ஒரு ஒயர் கூடை. நான் கூடத்துல உக்காந்து ஆதார் காப்பி, போட்டோ எல்லாம் கேட்டு வாங்கிக்கிட்டு இருக்கேன். யார் வந்தாலும் அது என் வழக்கம். அவ குடுத்துட்டு நேரா உள்ள போயிட்டா. கட்டில் பக்கத்துல குனிஞ்சு, "அம்மா, எம்பேரு ஜெபக்கனி. உங்ககூட இருக்க வந்திருக்கேன்" ங்கிறா. அவளுக்குப் பேச்சு வராதும்மான்னேன். "காது கேக்கும்ல சார்" னா.

கொஞ்சம் துடுக்குதான். ஆனா வேலை... வேலையைக் குறை சொல்ல முடியாது தம்பி. நான் இருக்கிறதை இருக்கிறபடி சொல்றவன். இருபது நாள்ல அந்தத் தடிப்பு போன இடம் தெரியல. ஆஸ்பத்திரியில கஞ்சிக்குப் போட்டு விட்ட மூக்கு டியூப் எடுத்தாச்சு. பகவதி இடது கையால ஸ்பூன் பிடிச்சு இட்லி சாப்பிட்டா. சாயங்காலமானா சக்கர நாற்காலியில வாசலுக்குக் கொண்டுபோய் வச்சு, போற வர்றவங்களையெல்லாம் காட்டுவா. ரெண்டு பேரும் என்னமோ பேசிக்குவாங்க. அதாவது ஜெபக்கனி பேசுவா, இவ ம்ம், ம்ம்னுவா.

கதிரேசன் அந்த ரூம்ல ஒரு கேமரா மாட்டி வச்சிருந்தான். பக்கத்து ரூம்ல இருந்து நான் போன்ல பாத்துக்கிட்டே இருப்பேன். ஆளை நம்பி விட முடியுமா? ஒருநாள் பாக்குறேன், பகவதி சிரிக்கிறா. அந்தக் கோணல் வாயோட, தோள் குலுங்க. என்னன்னு எந்திரிச்சு உள்ள போனேன். நின்னு போச்சு. நான் உள்ள போனாலே நின்னுரும். மரியாதைதான், வேற ஒண்ணும் இல்ல.

பங்குனியில முதல் பேச்சு வந்துச்சு அவளுக்கு. "கனி" ன்னா.

எனக்கு சந்தோசம்தான் தம்பி. பொறாமையா எனக்கு? முப்பத்தாறு வருஷமா என்னை "ஏங்க" ன்னுதான் கூப்பிடுவா. பேரு சொல்ற வழக்கம் இல்ல. ஏங்கன்னா மூணெழுத்து. கனின்னா ரெண்டெழுத்து. ரெண்டெழுத்து நாக்குக்கு சுலபமா இருந்திருக்கும்னு பிசியோ சொன்னாரு. பிசியோ சொல்லல. நானா நினைச்சுக்கிட்டேன். அன்னைக்குப் பூரா பக்கத்துல உக்காந்து, "ஏங்க சொல்லு, ஏங்க" ன்னு கேட்டேன். அவ கண்ணை மூடிக்கிட்டா. ஜெபக்கனி வந்து, "அம்மாவுக்கு அசந்து வருது சார், நாளைக்குக் கேப்பம்" ன்னா. என் பெண்டாட்டிக்கு எப்ப அசருதுன்னு அவ சொல்றா.

அதுக்காக நான் அவளை அனுப்பல. அதைத் தெளிவாச் சொல்லிர்றேன். அனுப்புனது முடி விஷயத்துக்காக.

சித்திரையில பென்ஷன்காரங்க கருவூலத்துக்குப் போய் உயிரோட இருக்கோம்னு காட்டணும்ல, அதுக்குப் போயிருந்தேன். மத்தியானம் வந்து பாத்தா, பகவதிக்கு முடி கழுத்தோட நிக்குது. இடுப்பு வரைக்கும் இருந்த முடி தம்பி. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப எங்க அம்மா முதல்ல பாத்ததே அந்த முடியைத்தான். குப்பைக்கூடையில கிடக்கு. என்னடி இதுன்னு கத்திட்டேன். ஜெபக்கனி நிதானமா, "பின்னந்தலையில சிக்கு விழுந்து உறைஞ்சு போச்சு சார். அடியில தோலு செவந்திருக்கு. அங்கயும் புண்ணு வந்திரும். அம்மாட்ட கேட்டேன், தலையாட்டுனாக" ங்கிறா. என்கிட்ட கேக்கல. அதான் விஷயம். என்கிட்ட கேக்கல.

ரெண்டு பக்கத்துக்கு எழுதினேன். நோயாளியின் உடலில் குடும்பத்தாரின் எழுத்துப்பூர்வமான அனுமதியின்றி மாற்றம் செய்தது, அப்படீன்னு. சர்வீஸ்ல எழுதின மாதிரி நம்பர் போட்டு எழுதினேன். அதுவரைக்கும் எந்தப் புகாருக்கும் மூணு நாளுக்குக் குறைஞ்சு பதில் வந்ததில்ல. அன்னைக்கு ஒரு மணி நேரத்துல வேன் வந்து நிக்குது. பகவதி தூங்கிக்கிட்டு இருந்தா. "எந்திரிச்சதும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன் சார்" னு கேட்டா ஜெபக்கனி. டிரைவர் அவசரப்படுறாரும்மான்னேன். ஒயர் கூடையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

பகவதி முழிச்சு, வாசப்பக்கமே பாத்துக்கிட்டு இருந்தா. நான் முன்னாடி போய் நின்னேன். கொஞ்சம் தள்ளிப் பாத்தா. நான் தள்ளி நின்னேன். இந்தப் பக்கம் பாத்தா.

ரெண்டு நாள் வாயைத் திறக்கல. திரும்ப மூக்குல டியூப்.

அதுக்கப்புறம் வந்த பொண்ணு நல்ல பொண்ணுன்னு நினைச்சேன். சுத்தமா உடுத்தும். இங்கிலீஷ் பேசும். ஏஜென்சியில அப்பத்தான் புதுசா ஒண்ணு கொண்டு வந்திருந்தாங்க. எல்லாமே போன்ல சார்ட்டு. மாத்திரை குடுத்தா ஒரு டிக்கு. டயபர் மாத்தினா ஒரு டிக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வச்சா ஒரு டிக்கு. சாயங்காலம் அந்தப் பொண்ணு போனை என்கிட்ட நீட்டும். ஒவ்வொரு கட்டமாப் பாப்பேன். ஆறு மணி இடது, எட்டு மணி மல்லாக்க, பத்து மணி வலது. பாத்துட்டு, "குடும்பத்தார் சரிபார்த்தது" ன்னு இருக்கிற இடத்துல விரலால கையெழுத்துப் போடுவேன். இருபத்தாறு நாள். ஒரு கட்டம் காலி இல்ல தம்பி. என் சர்வீஸ்ல அவ்வளவு சுத்தமான ரிஜிஸ்டரை நான் பாத்ததில்ல. கதிரேசனுக்குக்கூட அனுப்பி வச்சேன், ஏஜென்சி இப்பத்தான் உருப்பட்டிருக்குன்னு.

கேமராதான் இருந்துச்சேங்கிறீங்க. இருந்துச்சு. பாத்தேன். அந்தப் பொண்ணு தூங்குதா, வெளிய போகுதான்னு பாத்தேன். போனும் கையுமாத்தான் உக்காந்திருக்கும். போன்லதானே சார்ட்டு? சார்ட்டு போடுதுன்னு நினைச்சேன்.

ஆனி பொறந்ததும் வீட்டுக்குள்ள ஒரு வாடை. எலி செத்துக் கிடக்குதுன்னு நினைச்சேன். பீரோவை நகத்தினேன். பரண்ல ஏறினேன். குடலிறக்கத்துக்குப் பெல்ட்டு போட்டிருக்கிறவன், ரெண்டு நாள் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினேன். பினாயில் ஊத்திக் கழுவினேன். அந்தப் பொண்ணு ஊதுபத்தி கொளுத்தி வச்சுச்சு. மூணாம் நாளு ரஹமத்தம்மா கஞ்சி கொண்டு வந்தவங்க, கட்டில் பக்கத்துலயே நின்னுட்டாங்க. "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. வாடை பகவதிகிட்ட இருந்துதான் வருது" ன்னாங்க.

திருப்பிப் பாத்தோம்.

புண்ணுக்குள்ள என் உள்ளங்கையை வைக்கலாம் தம்பி. உள்ள வெள்ளையாத் தெரிஞ்சது எலும்புன்னு எனக்கு அப்பத் தெரியாது. சீழ்னு நினைச்சு பஞ்சால தொடச்சேன்.

ஆஸ்பத்திரியில அந்த சர்ஜன், சின்னப் பொண்ணு, நம்ம பிள்ளை வயசுதான் இருக்கும். அழுகினதையெல்லாம் வெட்டி எடுத்துட்டு வெளிய வந்து, "சார், வீட்டுல ஒருத்தரும் இவங்களைப் பாக்கலையா?" ன்னுச்சு. பாக்காம என்னம்மா, ஒரு வேளை தவறாமப் பாத்திருக்கோம்னு போனைத் திறந்து சார்ட்டைக் காட்டினேன். இருபத்தாறு நாளையும் தள்ளித் தள்ளிக் காட்டினேன். டாக்டரம்மா சார்ட்டைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. போனை என் கையில திருப்பிக் குடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. அதுக்கு அவங்க என்னைத் திட்டியிருக்கலாம்.

ஏஜென்சியை விடுவேனா நான்? ஒன்பது பக்கம் எழுதினேன். கோர்ட்டுக்கு இழுப்பேன்னு எழுதினேன். பதில் வந்துச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பினதுக்கு சார்ட்டு இருக்கு, தினமும் கணவரே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காரு, அதனால புண்ணு வந்தது நோயாளியோட உடல்வாகு. இத்துடன் தங்களுக்கான சேவையை நிறுத்திக்கொள்கிறோம். கீழ என் கையெழுத்து இருபத்தாறையும் அடுக்கி வச்சிருக்காங்க. விரலால போட்டது, கோணல் மாணலா. என் கையெழுத்துதான். இல்லைன்னு சொல்ல முடியுமா?

கதிரேசன் தோஹாவுல இருந்து, ஏதாவது ஹோம்ல சேத்துருவோம்ப்பாங்கிறான். ரெண்டு ஹோம்ல கேட்டேன். புண்ணோட எடுக்க மாட்டாங்களாம், ஆத்திட்டுக் கொண்டு வாங்கங்கிறாங்க. ஆத்தத்தானே ஆள் கேக்குறேன்?

இருபது நாளா நான் ஒருத்தனே பாக்குறேன். காலையில ஒரு நர்ஸ் வந்து கட்டு மாத்திட்டுப் போகும். மத்ததெல்லாம் நான். அலாரம் வச்சு எந்திரிக்கிறேன். ஆனா ஒழுங்காத் திருப்ப முடியல தம்பி. நான் கை வச்சதும் உடம்பைக் கட்டையா ஆக்கிக்கிறா. இடது கையால கட்டில் கம்பியப் பிடிச்சுக்கிறா, இல்ல என் சட்டையப் பிடிச்சுத் தள்ளுறா. தொண்டையில இருந்து ஒரு சத்தம் வரும் பாருங்க. என் மேல அவ்வளவு கோவமாடின்னு கேட்டேன் ஒருநாள். முந்தாநாள் கட்டு மாத்த வந்த நர்ஸ், "பள்ளம் பெருசாகுது அங்கிள், இப்படியே போனா ரத்தத்துல கலந்துரும்" னு சொல்லிட்டுப் போச்சு. நேத்துக் காய்ச்சல் அடிச்சுது.

அதான் இன்னைக்கு ஜெபக்கனி குடுத்த ஆதார் காப்பிய எடுத்தேன், விலாசத்துக்கு. கோவில்பட்டியில இறங்கி, மினி பஸ்ஸுல பன்னெண்டு கிலோமீட்டர். அவ வீட்டுல இல்ல. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போயிருக்கான்னாங்க. ஏஜென்சியில என் புகாருக்கப்புறம் அவளுக்கு ஒரு வீடும் குடுக்கலையாம். கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில நின்னேன். பன்னெண்டரைக்கு சாப்பாட்டு மணி அடிச்சதும் வந்தா. என்னைப் பாத்ததும் முதல்ல கேட்டது, "அம்மா இருக்காகளா சார்?"

இருக்கான்னேன்.

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. ஒரே அறை. தண்ணி குடுத்தா. எல்லாத்தையும் சொன்னேன். உங்ககிட்ட சொன்ன மாதிரியேதான் சொன்னேன். முடிச்சதும், "எத்தனை விரக்கடை ஆழம் சார்?" னா. ரெண்டு விரல் ஆழம்னேன். கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் எந்திரிச்சு மூலையில இருந்த பாயை எடுத்து விரிச்சா. "படுங்க சார்" ன்னா.

எனக்கு ஒண்ணும் விளங்கல. "படுங்க. வலிச்சாச் சொல்லக் கூடாது. உங்களுக்கு வாய் கெடையாது. வலது கை காலும் கெடையாது" ன்னா. அறுபத்தேழு வயசு எனக்கு. ஒரு பொம்பளை வீட்டுல, கதவு திறந்து கிடக்கு, தெருவுல ஆள் போகுது. படுத்தேன். என்ன செய்ய?

மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு இருக்கேன். திடீர்னு விலாவுல கை வச்சு ஒரு புரட்டு. ஐயோன்னு கத்திட்டேன். தரையே சாயுற மாதிரி, எங்கயோ பள்ளத்துல விழப் போற மாதிரி. பாத்தா, இடது கையால அவ சேலையைப் பிடிச்சிருக்கேன். இறுக்கி. விரலைப் பிரிக்க முடியல.

"அம்மாவும் இப்பிடித்தான் சார் பிடிப்பாக. அது கோவம் இல்ல. பயம்" னா.

மறுபடியும் மல்லாக்கப் படுக்க வச்சா. இந்தத் தடவை முகத்துக்கு நேரா வந்து குனிஞ்சா. "சார், இப்ப உங்கள இடது பக்கமாத் திருப்பப் போறேன். மொதல்ல முழங்காலை மடக்குதேன். இந்தா மடக்கியாச்சு. இப்ப தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை. பின்னால நான் இருக்கேன், விழ மாட்டீக. மூணு சொல்லுதேன், மூச்ச விடுங்க" ன்னா. ஒண்ணு, ரெண்டு, மூணு. இலை திரும்புற மாதிரி திரும்பிட்டேன் தம்பி. சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கிடக்குறேன். முதுகுல அவ கை இருக்கு. எடுக்கல. "இப்ப கையை எடுக்கப் போறேன்" னு சொல்லிட்டுத்தான் எடுத்தா.

எந்திரிக்கத் தோணல எனக்கு. சுவத்தைப் பாத்துக்கிட்டே கிடந்தேன்.

"எங்க வீட்டுக்காரர் பனையில இருந்து விழுந்து நாலு வருஷம் இந்தப் பாயிலதான் கெடந்தாக. ஒரு புண்ணு வரல. ஏஜென்சியில ஒண்ணும் படிச்சுக் குடுக்கல சார். அவுகதான் படிச்சுக் குடுத்தாக. சொல்லிட்டுத் திருப்பு கனி, சொல்லிட்டுத் திருப்புன்னு."

எட்டு மாசத்துல நான் ஒரு தடவைகூட சொல்லிட்டுத் திருப்பல தம்பி. சொல்லணும்னு யாருக்குத் தெரியும்? பேச்சு வராதவகிட்ட என்னத்தைப் பேசுறதுன்னு இருந்துட்டேன்.

காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். வந்துரும்மா, ஏஜென்சி கீஜென்சி ஒண்ணும் வேணாம், நேரா வீட்டுக்கு வந்துரு, நீ என்ன சொன்னாலும் சரின்னேன். மாட்டேன்னு தலையை ஆட்டிட்டா. கோவமா இல்ல. கண்ணுல தண்ணி இருக்கு. "நான் வந்தா நீங்க மறுபடியும் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருப்பீக. அம்மாவப் பாக்க மாட்டீக" ன்னா. சாப்பாட்டு நேரம் முடிஞ்சு மணி அடிச்சுது. அவ சாப்பிடவே இல்ல. வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே கேட்டா, "இங்க வாரேன்னு அம்மாட்ட சொல்லிட்டு வந்தீகளா?"

இல்லைன்னேன்.

"அப்ப அவுக வாசலையே பாத்துக்கிட்டுத்தான் கெடப்பாக. போங்க சார்."

விருதுநகர் தாண்டியாச்சுல்ல? கள்ளிக்குடி வரப்போகுதா. அதுக்கப்புறம் உங்க ஊருதான். தம்பி, ஒரு உதவி. என் போன்ல கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது, கண்ணாடியை ஜெபக்கனி வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். ரஹமத்தம்மான்னு இருக்கும், கொஞ்சம் போட்டுக் குடுங்க. ஆமா, அதுதான். நாலரையோ அஞ்சோ, நான் போய்ச் சேர்ற வரைக்கும் தாங்காது. போகுதா? குடுங்க.

ஹலோ. ரஹமத்தம்மா, நான்தான். பஸ்ஸுல இருக்கேன். எப்படி இருக்கா? முனகுறாளா. காய்ச்சலா? சரி. இல்லம்மா, அவ வரல. வரலம்மா. அதை விடுங்க. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அவளைத் திருப்பணும். இப்பவே. பயப்படாதீங்க. கட்டு மேல கை படாது, நான் சொல்றேன்ல. போனைச் சத்தமா வச்சு அவ காதுகிட்ட தலகாணியில வையுங்க. வச்சாச்சா?

பகவதி. நான்தான். நான்... கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். சொல்லாமப் போயிட்டேன். பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கேன், கள்ளிக்குடிகிட்ட. கேக்குதா? இப்ப ரஹமத்தம்மா உன்னை இடது பக்கமாத் திருப்பப் போறாங்க. முதல்ல முழங்காலை மடக்குவாங்க. ரஹமத்தம்மா, முழங்கால். மெதுவா. மடக்கியாச்சா? அடுத்தது தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை. பகவதி, பின்னாடி ரஹமத்தம்மா இருக்காங்க, நீ விழ மாட்ட. கம்பியப் பிடிச்சிருக்காளா? இருக்கட்டும், பிடிச்சுக்கட்டும், பிரிக்காதீங்க. மூணு சொல்றேன் பகவதி. மூச்சை விடு. ஒண்ணு. ரெண்டு. மூணு.

என்னாச்சு?

திரும்பிட்டாளா? சத்தம் போடலையா? கம்பிய விட்டுட்டாளா, அவளாவா?

இல்லம்மா, எனக்கு எப்படித் தெரியும், நான் பஸ்ஸுல இருக்கேன். இப்படி இருக்கட்டுமா, இன்னும் கொஞ்சம் சாய்க்கணுமான்னு என்கிட்டக் கேக்காதீங்க. அவகிட்டக் கேளுங்க. அவ முகத்துக்கு நேராப் போய், அவகிட்டயே கேளுங்கம்மா.